மாலத்தீவின் கடலடிக் கடைவீதி

நம் மளிகைக் கடைகளின் பழைய பெரியவர்களுக்கு மாலத்தீவு என்றால் இரண்டு சரக்குகள் நினைவுக்கு வரும். ஒன்று மாசி. சூரை மீனை வேகவைத்து, புகையில் வாட்டி, வெயிலில் மரக்கட்டை போலக் காயவைத்து வரும் கருவாடு அது. தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் மாசி இல்லாமல் சம்பல் ருசிக்காது என்பார்கள். மற்றொன்று சோழி. நம் பிள்ளைகள் தாயம் ஆட எடுத்த அந்தச் சோழி, ஒரு காலத்தில் வங்காளத்தில் செல்லுபடியான காசு. 14-ம் நூற்றாண்டில் மாலத்தீவில் காஜியாகப் பதவி வகித்த இபின் பதூதா என்ற பயணி, அங்கிருந்து சோழி வங்காளத்துக்குப் போய் அதற்கு ஈடாக அரிசி வந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

தூத்துக்குடியிலிருந்து தோணியில் காய்கறியும் கட்டுமானப் பொருளும் மாலேக்குப் போவது நம்மில் பலருக்குத் தெரிந்த வியாபாரம்தான். வெங்காயம், உருளைக்கிழங்கு, முட்டை, பருப்பு, அரிசி முதலியவற்றை அந்நாட்டுக்கு அனுப்ப 1981-ம் ஆண்டிலேயே இந்தியா ஒப்பந்தம் செய்துகொண்டது. ஆனால் இன்று நம் வியாபாரிகளின் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாலத்தீவு என்றால் கடற்கரை விடுதிதான். கல்யாணமான ஜோடிகள் போகிறார்கள். பேரன் பேத்திகள் நம்மையும் அழைத்துப் போகிறார்கள். திருவனந்தபுரத்தில் விமானம் ஏறினால் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம்.

அங்கே போனவர்கள் எல்லோரும் முகக்கண்ணாடியும் மூச்சுக் குழாயும் மாட்டிக்கொண்டு கடலில் முகத்தை வைத்துப் பார்க்கிறார்கள். இதற்கு ஸ்நார்கெல் என்று பெயர். வந்து கேட்டால், "கலர் கலராக மீன் பார்த்தோம்" என்கிறார்கள். கோயம்பேடு போய் வந்தவர் "நிறையக் காய்கறி பார்த்தேன்" என்று சொல்வதற்கு ஒப்பானது இது. எந்தச் சரக்கு எங்கிருந்து வருகிறது, யார் வாங்குகிறார், யார் கமிஷன் எடுக்கிறார் என்று தெரிந்தவருக்கே சந்தை கண்ணில் படும். அதுபோல் அந்தக் கடலடியையும் சற்று விவரம் அறிந்து பார்த்தால் நம் தொழிலுக்கே சில பாடங்கள் கிடைக்கின்றன. நாம் சென்ற ஆண்டு நான்கு வியாபாரிக் குடும்பங்களோடு போய் வந்தோம். பார்த்ததையும், விசாரித்தும் படித்தும் தெரிந்துகொண்டதையும் அன்பர்களுக்குச் சொல்கிறோம்.

தீவு எப்படி உண்டாயிற்று?

மாலத்தீவில் ஏறத்தாழ 1,190 சிறு தீவுகள் உண்டு. அவை 26 வளையங்களாக அமைந்திருக்கின்றன. இந்த வளையத்துக்கு உலகம் முழுவதும் வழங்கும் "அட்டால்" என்ற பெயரே மாலத்தீவின் திவேகி மொழியிலிருந்து போனதுதான். கடலில் எழுந்த எரிமலையைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல மெல்ல அமிழ்கிறது. பவளம் மட்டும் வெளிச்சத்தைத் தேடி மேலே மேலே கட்டிக்கொண்டே வருகிறது. கடைசியில் மலை மறைந்து வளையம் மட்டும் மிஞ்சுகிறது. இந்த விளக்கத்தை 1842-ம் ஆண்டு சார்லஸ் டார்வின் நூலாக வெளியிட்டார்.

பவளம் என்பது கல் அல்ல, செடியும் அல்ல. கடுகளவும் மிளகளவுமான சிறு பிராணிகள் லட்சக்கணக்கில் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பை எடுத்துக் கட்டும் கூட்டுக் குடித்தனம் அது. அந்தப் பிராணியின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி ஒன்று குடியிருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு உணவு தயாரித்து வீட்டுக்காரருக்குக் கொடுக்கிறது. வீட்டுக்காரர் இடமும் உரமும் கொடுக்கிறார். இருவரும் கூட்டாளிகள். பவளத்தின் நிறமே பெரும்பாலும் அந்தப் பாசியால் வருவதுதான். உருண்டைப் பவளம் ஆண்டுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே வளரும். ஒரு முழ உயரம் வளர நாற்பது, ஐம்பது ஆண்டு ஆகிவிடும். நாம் ஒரு கடையை வைத்து நிலைநிறுத்தி மகன் கையில் கொடுக்கும் காலம் அது. அதை ஒரு மிதியில் உடைத்துவிடலாம்.

தீவின் வெள்ளை மணல் எங்கிருந்து வருகிறது? கிளி மீன் என்று ஒன்று உண்டு. பச்சையும் நீலமுமாக, கிளி அலகு போன்ற பல்லோடு இருக்கும். பாறையில் படிந்த பாசியைத் தின்பதற்காகப் பவளக் கல்லையும் சேர்த்துக் கடித்து அரைத்து, மணலாக வெளியே விடும். மாலத்தீவின் வக்காரு தீவில் ஆராய்ந்து 2015-ம் ஆண்டு வெளியிட்ட கணக்கின்படி, அங்கே புதிதாக உண்டாகும் மணலில் 85 விழுக்காட்டுக்கு மேல் கிளி மீன் அரைத்ததே. தண்ணீருக்குள் காது வைத்தால் அவை கடிக்கும் "கறுக் கறுக்" சத்தம் நன்றாகக் கேட்கிறது. மாவு மில்லில் நிற்பது போலவே இருந்தது.

விடுதியின் முதலீடு தண்ணீருக்குள் இருக்கிறது

மாலத்தீவில் முதல் விடுதி 1972-ம் ஆண்டு குரும்பா என்ற பெயரில் திறக்கப்பட்டது. ஒரு தீவில் ஒரு விடுதி என்பதே பொதுவான ஏற்பாடு. 2009-ம் ஆண்டுக்குப் பிறகு உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விடுதிகள் வந்துவிட்டன. அவற்றில் செலவு குறைவு. ஆனால் அது இஸ்லாமிய நாடு என்பதை மறக்கலாகாது. உள்ளூர்த் தீவுகளில் குளியல் உடையோடு தெருவில் நடக்கக்கூடாது. அதற்கென்று கடற்கரையில் தனி இடம் ஒதுக்கியிருப்பார்கள். மது கிடையாது. வெள்ளிக்கிழமை விடுமுறை.

2024-ம் ஆண்டில் அந்நாட்டுக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் வந்தார்கள். அந்நாட்டின் ஜனத்தொகையோ ஐந்து லட்சத்தை ஒட்டியதுதான். இத்தனை பேரும் கட்டடத்தைப் பார்க்க வரவில்லை. விடுதியைச் சுற்றி, கரையிலிருந்து நடந்தோ நீந்தியோ எட்டக்கூடிய பவளத் திட்டு ஒன்று இருக்கும். இதை "வீட்டுத் திட்டு" என்கிறார்கள். விடுதி பதிவு செய்பவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, "வீட்டுத் திட்டு கரைக்குப் பக்கத்தில் உண்டா, இல்லை படகில் போகவேண்டுமா?" என்பதுதான். நல்ல திட்டு இல்லாத தீவில் அறை எடுத்துவிட்டு ஒவ்வொரு நாளும் படகுக்குப் பணம் கட்டுகிறவர்கள் பலர்.

மூச்சுக் குழாயின் சூட்சுமம்

முகக்கண்ணாடி எதற்கு? நம் கண் காற்றில் பார்க்க அமைந்தது. கண்ணுக்கும் தண்ணீருக்கும் நடுவே ஓர் அடுக்குக் காற்று இருந்தால்தான் தெளிவு வரும். அப்போதும் எல்லாப் பொருளும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், சற்றுக் கிட்டத்திலும் தெரியும். ஆகையால் "ஆறடிச் சுறா பார்த்தேன்" என்று யாராவது சொன்னால் தாராளமாகத் தள்ளுபடி போட்டுக்கொள்ளலாம்.

முகக்கண்ணாடி நம் முகத்துக்குச் சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து, மூக்கால் மெல்ல இழுக்கவேண்டும். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் சரியான அளவு. மீசை வைத்திருப்பவர்களுக்கு ஓரத்தில் தண்ணீர் கசியும். மேலுதட்டில் சிறிது வாசலின் தடவினால் குறையும். உட்புறம் ஆவி படியாமல் இருக்க எச்சிலையோ, குழந்தைகள் ஷாம்புவில் ஒரு துளியோ தடவிக் கழுவவேண்டும்.

"குழாயை இன்னும் நீளமாக வைத்தால் ஆழத்துக்குப் போகலாமே?" என்று நம்மோடு வந்த ஒருவர் கேட்டார். முடியாது. இரண்டு காரணம். ஒரு மீட்டர் ஆழத்திலேயே தண்ணீர் மார்பை அமுக்குவதால் மேலேயுள்ள காற்றை உள்ளே இழுக்க நெஞ்சுக்கு வலு போதாது. மேலும் குழாய் நீண்டால் நாம் விட்ட கெட்ட காற்று குழாய்க்குள்ளேயே தங்கி, அதையே திரும்பத் திரும்ப இழுப்போம். ஆகவேதான் குழாய் ஒன்றரை அடிக்கு உட்பட்டு இருக்கிறது. மேற்பரப்பில் குப்புற மிதந்து பார்ப்பதே ஸ்நார்கெல். ஆழ இறங்க வேண்டுமென்றால் அது வேறு பயிற்சி.

இறங்குமுன் கவனிக்க வேண்டியவை

நம் வயதுக்காரர்கள் இதைக் கட்டாயம் படிக்கவேண்டும். ஸ்நார்கெல் செய்யும்போது உயிர் இழப்பவர்களில் கணிசமானோர் வாலிபர்கள் அல்ல, நடுவயது தாண்டியவர்கள். கூச்சல் இல்லாமல், கை ஆட்டாமல், பார்த்துக்கொண்டிருப்பது போலவே குப்புறக் கிடப்பார்கள். பக்கத்திலிருப்பவருக்கும் தெரியாது. இருதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் இறங்கக்கூடாது. மூச்சு வாங்கினால் "இன்னும் கொஞ்சம் பார்ப்போம்" என்று நினையாமல் உடனே மல்லாந்து படுத்து, குழாயை வாயிலிருந்து எடுத்து, உதவி கேட்கவேண்டும். நீச்சல் தெரிந்தவராயினும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை. நாம் போட்டுக்கொண்டுதான் பார்த்தோம்.

அடுத்தது நீரோட்டம். இரண்டு திட்டுகளுக்கு நடுவே கடல்நீர் உள்ளே வரவும் வெளியே போகவும் வாய்க்கால்கள் உண்டு. ஏற்ற இறக்கத்தின்போது அங்கே ஆற்று வெள்ளம் போல இழுக்கும். எங்கள் குழுவில் பலசரக்கு வியாபாரி ஒருவர், திட்டின் விளிம்பு வழியே ஓர் ஆமையின் பின்னால் போய் வாய்க்கால் ஓரத்துக்கு வந்துவிட்டார். கரையை நோக்கி எதிர்நீச்சல் போட்டுப் பார்த்தார். பத்து நிமிஷம் போட்டும் இருந்த இடத்திலேயே இருந்தார். நல்ல வேளையாக மிதவைச் சட்டை இருந்தது. கூட வந்த விடுதி வழிகாட்டி அவரைப் பிடித்து, ஓட்டத்துக்கு எதிராக இழுக்காமல், குறுக்கே சாய்வாக நீந்தித் திட்டின் மேலே கொண்டுவந்து சேர்த்தார். படகும் வந்துவிட்டது. அன்று மாலை அவர் பேசவே இல்லை. தனியாக இறங்காதே, ஓட்டம் எந்தப் பக்கம் என்று கேட்காமல் இறங்காதே, மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதே, ஒரு கையை உயர்த்திக்கொண்டு மிதந்து கிட என்ற நான்கையும் பேரப்பிள்ளைகளுக்குப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கவேண்டும்.

வெயில் முதுகைப் பொரித்துவிடும். முழுக்கைச் சட்டை போட்டு இறங்குவதே உத்தமம். வெயிலுக்குத் தடவும் கிரீம்களில் ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்ற இரண்டு மருந்துகள் பவளத்துக்குக் கெடுதல் என்று ஹவாய்த் தீவுகளில் அவை கலந்த கிரீம்களின் பொது விற்பனையை 2021-ம் ஆண்டு முதல் நிறுத்தினார்கள். கிரீம் விற்கும் நம் கடைக்காரர்கள் சீட்டைத் திருப்பிப் பார்த்து, கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்லலாம்.

கடைவீதியில் யார் யார்?

முதலில் கண்ணில் படுவது வண்ணாத்தி மீன். மஞ்சளும் கறுப்புமாக, பெரும்பாலும் ஜோடியாகவே திரியும். இவற்றில் பல வகை பவளப் பிராணியையே கொத்தித் தின்பவை. ஆகவே ஜோடி ஜோடியாக வண்ணாத்தி திரிகிற இடத்தில் பவளம் உயிரோடு இருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

கடல் சாமந்தியின் கொட்டும் விரல்களுக்கு நடுவே கோமாளி மீன் பயமில்லாமல் குடியிருக்கும். மற்ற மீன் தொட்டால் விஷம் ஏறும். இந்த மீனுக்கு உடம்பில் ஒரு காப்புப் பூச்சு உண்டு. ஒரு சாமந்தியில் ஒரு குடும்பம். அதில் பெரியதுதான் பெண். அந்த அம்மாள் இறந்துபோனால் அடுத்த பெரிய ஆண் மீனே பெண்ணாக மாறிப் பொறுப்பை ஏற்கும். கடை பூட்டிக் கிடப்பதில்லை!

பாறைப் பொந்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு அஞ்சாளை எட்டிப் பார்க்கும். கோபத்தால் அல்ல, அது மூச்சு விடும் முறை. பொந்துக்குள் கையை விட்டால்தான் கடிக்கும். களவா நிழலில் அசையாமல் நிற்கும். பேய்க் கணவாய் கண் முன்னாலேயே பாறை நிறத்துக்கு மாறி மறைந்துவிடும். ஆமைகளில் கூர்மையான அலகு உள்ளது அழுங்காமை. அது பாறையிலுள்ள கடற்பஞ்சைக் கொத்தித் தின்னும். உருண்டைத் தலையோடு கடற்புல் மேய்வது பேராமை. ஆமை மூச்சு வாங்க மேலே வந்தாக வேண்டும்; அதன் மேலே வட்டமாகக் கூட்டம் கூடி நின்றால் அது திணறும். பக்கவாட்டில் ஒதுங்கி நின்று பார்ப்பதே மரியாதை.

ஜாக்கிரதையாக இருக்கவேண்டியவை சில. பெரிய ஜாதிக் கிளாத்தி, மணலில் குழி தோண்டி முட்டையிட்டிருக்கும் காலத்தில் யார் வந்தாலும் விரட்டிக் கடிக்கும். அதன் எல்லை புனல் போல மேலே போகப் போக அகலும் என்பதால், மேல்நோக்கித் தப்பாமல் பக்கவாட்டில் விலகிப் போகவேண்டும். கல் மீன் கல்லாகவே கிடக்கும். மிதித்தால் முள் குத்தி உயிர் போகிற வலி. தாங்கக்கூடிய சூட்டு நீரில் காலை வைத்திருந்து உடனே டாக்டரிடம் போகவேண்டும். பாறை மேல் நிற்காமல் இருந்தால் இந்த ஆபத்து பெரும்பாலும் வராது, பவளமும் பிழைக்கும்.

துப்புரவுக் கடை

நமக்கு மிகவும் பிடித்தது ஒரு விரல் நீள மீன். நீல உடம்பில் தலை முதல் வால் வரை கறுப்புப் பட்டை. இது பாறையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் கடை விரித்து உட்கார்ந்திருக்கும். களவா முதலிய பெரிய மீன்கள் வந்து வாயைத் திறந்து காட்டிக்கொண்டு நிற்கும். இந்தச் சிறு மீன் அவற்றின் செதில், செவுள், வாய்க்குள்கூடப் புகுந்து, ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்னும். வந்தவருக்குச் சுத்தம், கடைக்காரருக்குச் சாப்பாடு. ஆஸ்திரேலியாவில் எண்ணிப் பார்த்ததில், ஒரு மீன் ஒரு நாளில் 2,000 தடவைக்கு மேல் வாடிக்கை கவனித்ததாம். ஏறத்தாழ 1,200 ஒட்டுண்ணிகளைத் தின்றதாம்.

இதில் வியாபாரம் இருக்கிறது. இந்த மீனுக்கு ஒட்டுண்ணியைவிட, வாடிக்கை மீனின் மேல்தோலிலுள்ள வழுவழுப்புப் பூச்சுதான் ருசி. அதைக் கடித்தால் வந்த மீனுக்கு வலிக்கும். ஆகவே "எடை குறைத்துப் போடும்" ஆசை இதற்கும் உண்டு. கடித்தால் வந்த மீன் வெடுக்கென்று உடம்பை உதறும். பிறகு வேறு கடைக்குப் போய்விடும். ரெடோவான் ப்ஷாரி என்ற ஆராய்ச்சியாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். வேறு கடைக்குப் போக வசதியுள்ள, ஊர் சுற்றும் மீன் வந்தால் இந்தக் கடைக்காரர் அதை முதலில் கவனிக்கிறார். அந்த ஒரு பாறையை விட்டு நகர முடியாத உள்ளூர் மீன் காத்திருக்க வேண்டியதுதான். இன்னொன்று, அடுத்த வாடிக்கையாளர் பார்த்துக்கொண்டிருந்தால் கடிப்பது குறைகிறது. நல்ல பேர் வேண்டுமே! இந்த உண்மையை 2006-ம் ஆண்டு ஆராய்ச்சியில் காட்டினார்கள்.

போலியும் உண்டு. இதே நிறம், இதே பட்டை, இதே ஆட்டத்தோடு வேறொரு மீன் பக்கத்தில் திரியும். சுத்தம் செய்வதாக நம்பிப் பெரிய மீன் நின்றால், துடுப்பில் ஒரு கடி கடித்துவிட்டு ஓடும். நல்ல பிராண்டின் சீட்டை ஒட்டிக் கலப்படச் சரக்கு விற்பதற்கு இது சமம். போலியிடம் கடி பட்ட மீன், அசல் கடையிலும் சந்தேகத்தோடுதான் நிற்கும். கலப்படக்காரர் ஒருவரால் தெருவுக்கே பேர் கெடுவது நமக்குத் தெரியாததா?

இந்தச் சிறிய கடை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் லிசார்ட் தீவில் சில திட்டுகளிலிருந்து இந்த மீனை எட்டரை ஆண்டு தொடர்ந்து அகற்றிவந்தார்கள். அந்தத் திட்டுகளில் மற்ற மீன்களின் எண்ணிக்கை குறைந்தது. இருந்த மீன்களில் சில வகை அளவிலும் சிறுத்துப்போயின. பெரிய சந்தைக்கும் சிறிய கடை வேண்டியிருக்கிறது.

சுறாவின் விலை

கரையோரத்தில் முழங்கால் ஆழத் தண்ணீரிலேயே கறுப்பு முனைத் துடுப்போடு சுறாக்குட்டிகள் திரியும். பார்த்தவுடன் பெண்கள் அலறினார்கள். நமக்கும் நெஞ்சு திக்கென்றது. ஆனால் இவை மனிதரைக் கண்டால் விலகிப் போகிறவை.

1993-ம் ஆண்டு மாலத்தீவில் ஒரு கணக்குப் போட்டார்கள். சாம்பல் நிறப் பவளச் சுறா ஒன்றைப் பிடித்து விற்றால் மீனவருக்குக் கிடைத்தது 32 டாலர். அதே சுறா உயிரோடு இருந்தால், அதைப் பார்க்க வரும் முக்குளிப்பவர்கள் மூலம் ஆண்டுக்குச் சராசரி 3,300 டாலர் வருமானம். விற்றால் ஒரு தடவை. வைத்திருந்தால் ஆண்டுதோறும், அதுவும் நூறு மடங்கு. 2010-ம் ஆண்டு மாலத்தீவு அரசு சுறா பிடிக்கத் தடை விதித்தது. ஆனால் ஒன்றையும் சொல்லவேண்டும்: 32 டாலர் மீனவர் கைக்கு வந்தது, 3,300 டாலர் போனது விடுதிக்கும் படகுக்காரருக்கும். லாபம் ஒரு பேரேட்டிலும் நஷ்டம் வேறொரு பேரேட்டிலும் எழுதப்பட்டால், நஷ்டப்பட்டவருக்கு வழி செய்யாமல் எந்தச் சட்டமும் நிம்மதியாக நிலைக்காது.

முதல் கரைகிறது

இனிச் சொல்வது வருத்தமான கணக்கு. கடல்நீரின் சூடு வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரம் நீடித்தால், பவளப் பிராணி தன் கூட்டாளியான பாசியை வெளியேற்றிவிடுகிறது. நிறம் போய் எலும்பு வெள்ளையாகிறது. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும். தணியாவிட்டால் பவளம் பட்டினியால் இறந்துபோகும். 1998-ம் ஆண்டு மாலத்தீவில் ஆழம் குறைந்த இடங்களின் பவளத்தில் பெரும்பகுதி இப்படித்தான் இறந்தது. பல ஆண்டு முயன்று மெல்லத் தேறி வந்தபோது 2016-ல் மறுபடி அடி. 2024-ம் ஆண்டு ஏப்ரலில், உலகளாவிய நான்காவது வெளுப்பு நடக்கிறது என்று அறிவித்தார்கள், மாலத்தீவும் தப்பவில்லை. நாம் பார்த்த திட்டிலேயே ஒரு பக்கம் நிறம் நிறமாக இருக்க, மறுபக்கம் உடைந்த செங்கல் குவியல் போலக் கிடந்தது. கட்ட நாற்பது ஆண்டு வேண்டும் சரக்குக்கு, அடிகள் இருபது ஆண்டு இடைவெளியில்கூட விழாமல் அதற்குள்ளேயே விழுகின்றன.

இதில் நமக்கென்ன என்று மளிகைக்காரர் கேட்கலாம். மாசிக்குச் சூரை பிடிப்பவர்கள் தூண்டிலில்தான் பிடிக்கிறார்கள். அதற்கு உயிருள்ள சிறு மீனை இரையாக வீசவேண்டும். அந்த இரை மீன் பவளத் திட்டு ஓரத்தில்தான் கிடைக்கிறது. திட்டு போனால் இரை போகும். இரை போனால் சூரை எட்டாது. மாசி விலை நம் கல்லாவில் தெரியும். தீவுகள் கடலுக்கு மேலே சராசரி ஒன்றரை மீட்டர்தான். அலையைத் தடுக்கும் இலவசச் சுவரும் இந்தத் திட்டே. மாலேயில் கட்டடத்துக்காகப் பவளக் கல்லை வெட்டியும், திட்டின் மேலேயே கடலைத் தூர்த்தும் வந்தார்கள். 1987-ம் ஆண்டு பேரலை வந்து தலைநகருக்குள் புகுந்தது. பிறகு ஜப்பான் உதவியோடு கான்கிரீட் கட்டைகளால் சுவர் எழுப்ப வேண்டியதாயிற்று. இருந்த சுவரைக் கெடுத்துவிட்டு வேறு சுவரைக் காசு போட்டுக் கட்டிய கணக்கு இது.

நம் கரையிலும் இதே கதை உண்டு. தூத்துக்குடி முதல் பாம்பன் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள்; 1986-ம் ஆண்டு அவை தேசியப் பூங்காவாக்கப்பட்டன. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பவளப்பாறையை நெடுங்காலம் வெட்டியதில் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி ஆகிய இரண்டு தீவுகள் நீருக்குள் போய்விட்டன. வான் தீவு கரைந்து சிறுத்ததால், 2015-ம் ஆண்டு முதல் அதைக் காக்கச் செயற்கைப் பாறைகள் இறக்கினார்கள்.

அன்பர்களுக்குச் சில வேண்டுகோள்

மாலத்தீவு போகிறவர்கள் மீனுக்கு ரொட்டித் துண்டு போடவேண்டாம். பாசி மேயவேண்டிய மீன் பிச்சைக்குப் பழகினால் பாசி பவளத்தை மூடிவிடும். பவளத் துண்டையும் ஆமை ஓட்டையும் ஞாபகார்த்தமாக எடுத்து வரவேண்டாம். அங்கிருந்து கொண்டுவரத் தடை உண்டு. நம் நாட்டிலும் பவளம், கடற்குதிரை, கடல் அட்டை ஆகியவை 2001-ம் ஆண்டு முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்ந்தவை. விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து நிற்கும் அவமானம் வேண்டாம். கொம்புத் திருக்கை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் தென்மேற்குப் பருவக் காலத்தில் பா வளையத்திலுள்ள ஹனிபாரு விரிகுடாவுக்குப் போகலாம். அங்கே ஸ்நார்கெல் மட்டும்தான் அனுமதி. 2012-ம் ஆண்டு முதல் காற்று உருளையோடு முக்குளிக்க விடுவதில்லை. தெளிவான தண்ணீரும் அமைதியான கடலும் வேண்டுமென்றால் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நல்ல காலம்.

மாலத்தீவு வரை போக வசதிப்படாதவர்கள் ராமேசுவரம், மண்டபம் பக்கம் போகும்போது வனத்துறையின் கண்ணாடிப் படகு ஓடுகிறதா என்று விசாரித்து, பிள்ளைகளை ஏற்றிக் காட்டுங்கள். வண்ணாத்தியும் கிளாத்தியும் அஞ்சாளையும் அங்கேயும் உண்டு. மாசி வாங்க வரும் வாடிக்கையாளரிடம் அது எந்தக் கடலிலிருந்து, எப்படி வருகிறது என்று இரண்டு வார்த்தை சொல்லுங்கள். விற்கும் சரக்கின் பூர்வீகம் தெரிந்த கடைக்காரரிடம் வாடிக்கையாளர் சற்று அதிக நேரம் நிற்பார் என்பது நம் அனுபவம்.